உள்தையல்

படுக்கையறையில் மூன்றாவது வரிசை டைல்ஸ்
கொஞ்சம் உள்வாங்கியிருக்கிறது.
எடைக்கருவியை அங்கே வைத்தால்
நானூறு கிராம் குறைவு.
இதைக் கண்டுபிடிக்கப் பதினோரு நாள் ஆனது எனக்கு.
பல் விளக்குமுன் ஒரு தரம்
விளக்கியபின் ஒரு தரம்
தோட்டையும் வளையலையும் கழற்றிவைத்து ஒரு தரம்.
எழுபத்தாறு புள்ளி இரண்டு
அசையவில்லை.

"சுகர் வாசல்ல வந்து நிக்குது"
என்றார் டாக்டர்.
வாசலில் வந்து நிற்பவரிடம்
எனக்குச் சொல்லத் தெரிந்ததெல்லாம்
உள்ளே வாங்க,
சாப்பிட்டீங்களா.

அதன்பிறகு வில்லிவாக்கம் பூங்கா.
ஐந்தரை மணிக்கே சிமெண்டுப் பாதையில்
எட்டு போட்டுக்கொண்டிருக்கிறோம் இருபது பேர்,
லைசென்ஸ் யார் கொடுப்பார்கள் என்று தெரியாமல்.
வாசலில் அருகம்புல் சாறு விற்பவர்
என்னைப் பார்த்ததும் பெரிய டம்ளரை எடுக்கிறார்.
அதற்கும் முகம் சுண்டிப்போகிறது.

இரவுகள்தான் மோசம்.
அலுவலகத்தில் யாருக்கோ பிறந்தநாள்,
ஒரு துண்டு கேக்,
அதிலும் பாதிதான்.
இரண்டு மணிக்கு நெஞ்சின்மேல் சம்மணமிட்டு
வரவு செலவு கேட்கிறது.
எழுந்து கூடத்தில் நடக்கிறேன்,
அவர் விழிக்காதபடி,
ஃப்ரிட்ஜ் பக்கம் திரும்பாதபடி.

கொளத்தூரில் சகாயமேரியின் மாமனார்
தவறிப்போன அன்று
கண்ணாடிப் பெட்டிக்கு அருகில் உட்கார்ந்திருந்தேன்.
ஜெபம் நடந்துகொண்டிருக்கையில்
மணிக்கட்டில் கடிகாரம் துடித்தது:
எழுந்திரு, நட.
எழுந்துவிட்டேன்.
யாரோ கொண்டுவந்த காபித் தட்டைப் பிடுங்காத குறையாக வாங்கி
ஷாமியானாவின் கடைசி நாற்காலிவரை,
தெருமுனையில் பீடி பிடித்தவர்கள்வரை,
பறையடிப்பவர்கள்வரை.
"உனக்குத்தான்டி எவ்வளவு நல்ல மனசு"
என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.
அறுநூற்றுப் பன்னிரண்டு அடிகள்.
இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

டிசம்பர் மழையில் மூன்று நாள் கரண்ட் இல்லை.
லிஃப்ட் இல்லை, மோட்டார் இல்லை.
தண்ணீர் கேன் போடுகிற பையன்
முழங்கால் நீரில் வந்து
வாசலோடு வைத்துவிட்டுப் போய்விட்டான்.
மூன்றாவது மாடியில் யாழினிக்குக்
குழந்தை பிறந்து ஒன்பது நாள்.
நான்தான் தூக்கினேன்.
இருபது லிட்டர், தோளில்.
இருட்டில் சுவரைத் தடவித் தடவி
ஐம்பத்துநான்கு படி.
மூச்சு வாங்கியது, பொய் சொல்வானேன்.
ஆனால் தொடைகள்,
எந்தப் புகைப்படத்திலும்
நான் கைப்பையால் மறைக்கிற இந்தத் தொடைகள்,
ஒரு வார்த்தை பேசாமல் ஏறின.
கடிகாரத்தில் சார்ஜ் செத்திருந்தது.
அந்தப் படிகள் எந்தக் கணக்கிலும் இல்லை.

கரண்ட் வந்த அன்று
எடைக்கருவியின் பேட்டரிகளைக் கழற்றி
டிவி ரிமோட்டில் போட்டேன்.
நான்காம் நாள்
கடையில் வேறு பேட்டரி வாங்கினேன்
என்பதையும் சொல்லிவிட வேண்டும்.
இப்போது வாரத்துக்கு ஒரு தரம்.
நேரான டைல்ஸில்.

நேற்று
கமாலுதீன் டெய்லரிடம் ரவிக்கையை நீட்டினேன்,
கை இறுக்குகிறது என்று
யாருக்கும் கேட்காத குரலில்.
புரட்டி
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"உள்ள இன்னும் ரெண்டு தையல் இருக்கும்மா.
ஒண்ணப் பிரிச்சாப் போதும்."
தைக்கும்போதே விட்டுவைத்திருக்கிறார்.
பிளேடு நுனியால்
பட் பட்டென்று நூல் தெறித்தது.
வெளிப்பக்கம் வெளுத்திருந்த துணி
உள்ளே
வாங்கிய நாளின் மயில்கழுத்து நிறத்தில் இருந்தது.

பத்து ரூபாய் கொடுத்தேன்.
வீடுவரை நடந்தே போனேன்,
பஸ் காலியாக வந்தும்.